தப்பான விடையிலும் தகவல் இருக்கு: அறிவியல் ஆசிரியர் பணியும் கேள்வி உருவாக்கும் வேலையும்

படிக்கத் தொடங்கும் முன் ஒரு கேள்வி. பதிலை மனசுக்குள்ளேயே வெச்சுக்கோங்க.

உங்கள் தெருவில் நிற்கும் வேப்பமரம் ஒரு சின்ன விதையிலிருந்து வந்தது. இன்று அதன் கட்டையைக் காயவைத்து எடை போட்டால் பல நூறு கிலோ தேறும். அந்த எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்தா, வேர் உறிஞ்சிய தண்ணீரிலிருந்தா, காற்றிலிருந்தா, சூரிய ஒளியிலிருந்தா?

விடை, காற்று. இலைகள் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் கார்பன் டை ஆக்சைடுதான் பெரும்பாலும் கட்டையாக மாறுகிறது. காய்ந்த கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். 'மண்' என்று சொன்னீர்களா? கவலை வேண்டாம், நிறைய பேர் அப்படித்தான் சொல்வார்கள். 'தண்ணீர்' என்று சொன்னவர்களுக்குப் பெரிய ஆள் ஒருவர் துணைக்கு இருக்கிறார். 17-ஆம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியம் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் ஒரு தொட்டியில் வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். 2 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்த கன்று, சுமார் 77 கிலோ மரமாகிவிட்டது. தொட்டி மண்ணில் குறைந்ததோ 60 கிராமுக்கும் குறைவு. ஆகவே மரம் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவுக்கு வந்தார். மண் இல்லை என்று காட்டியவர், காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. 'சூரிய ஒளி' என்று சொல்பவர், ஆற்றலையும் பொருளையும் ஒன்றாக நினைக்கிறார்.

இதே பாடத்தில் நமக்குப் பழக்கமான கேள்வி எப்படி இருக்கும்? "ஒளிச்சேர்க்கையின்போது தாவரங்கள் எடுத்துக்கொள்ளும் வாயு ______." கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்பி ஒரு மார்க் வாங்கும் அதே மாணவி, வேப்பமரக் கேள்விக்கு 'மண்' என்று பதில் சொல்லலாம். முதல் கேள்வி அவளுக்கு மார்க் கொடுத்தது. இரண்டாவது கேள்விதான் அவள் எதைப் புரிந்துகொள்ளவில்லை என்று ஆசிரியருக்குச் சொன்னது. அந்த நாலு விடைகளையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். தப்பான மூன்றையும், சரியானதைவிடக் கூடுதலாக யோசித்து.

அதுதான் இந்தக் கட்டுரை பேசப்போகும் வேலை. பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் முடித்துவிட்டு, 'அடுத்து என்ன?' என்று போனைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள், வீட்டில் அப்படி ஒருவர் இருப்பவர்கள், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

முதல் படி வகுப்பறைதான்

கேள்வி உருவாக்கும் வேலைக்கு நேரடியாகப் போக முடியாதா என்றால், சில தனியார் நிறுவனங்களில் முடியும். ஆனால் என்னைக் கேட்டால், சில வருஷமாவது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தாமல் இந்தப் பக்கம் வரக்கூடாது. ஏழாம் வகுப்புப் பையன் எங்கே தடுமாறுவான் என்பது பாடப்புத்தகத்தில் இருக்காது. அவனோடு உட்கார்ந்தால்தான் தெரியும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 10 வரை அறிவியல் எடுப்பவர் பட்டதாரி ஆசிரியர். அதற்குப் பட்டப்படிப்பும் பி.எட்.டும் வேண்டும். பி.எட். இப்போது 2 ஆண்டுப் படிப்பு. பட்டப்படிப்பில் எடுத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு ஏற்ப மாறும். அதன் பிறகு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள். மொத்தம் 150 கேள்விகள், 150 மதிப்பெண்கள். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் அல்லது வேறு தாய்மொழி 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதமும் அறிவியலும். டெட் சான்றிதழுக்கு முன்பு 7 ஆண்டுதான் ஆயுள். 2021-இல் அது வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று மாற்றப்பட்டது. 2011 முதல் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் இது பொருந்தும்.

இங்கே நிறைய பேருக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. டெட் பாஸ் செய்தாலே வேலை என்பது இப்போது கிடையாது. டெட் தகுதிக்கு மட்டும்தான். பணி நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டிஆர்பி, தனியாக ஒரு போட்டித் தேர்வு நடத்துகிறது. அதில் கட்டாயத் தமிழ் மொழித் தகுதித் தாளும் உண்டு. அதில் தேறாவிட்டால் பாடத்தாளை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி., பி.எட். இரண்டும் வேண்டும். அதற்கான டிஆர்பி தேர்வில் 150 கேள்விகளில் 110 பாடத்திலிருந்து, 30 கல்வியியலிலிருந்து, 10 பொது அறிவு. அடிப்படைச் சம்பளம் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400 ரூபாயில், முதுகலை ஆசிரியருக்கு 36,900 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி முதலியவை தனி.

இப்போது பிளஸ் டூ படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு இன்னொரு வழி உண்டு. மைசூரில் உள்ள என்சிஇஆர்டி-யின் மண்டலக் கல்வியியல் நிறுவனம் தென் மாநிலங்களுக்கானது. பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த 4 ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பு அங்கே இருக்கிறது. தனித்தனியாகப் படித்தால் 5 வருஷம், இதில் 4 வருஷம்.

ஃபீஸ் கட்டும் முன் ஒரு விஷயம்

நல்லா படித்தவர்களே சறுக்கும் இடம் இது. உங்கள் பட்டத்தின் பெயர் 'விலங்கியல்', 'தாவரவியல்' என்று நேராக இல்லாமல் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் என்று இருந்தால், அந்தப் பட்டம் எந்தப் பாடத்துக்கு இணையானதாக ஏற்கப்படுகிறது என்று அரசாணை இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு பி.எட்.டில் சேருங்கள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்பதாலேயே ஆசிரியர் பணிக்குத் தகுதி வந்துவிடாது. தேர்வெழுதி, மதிப்பெண்ணும் எடுத்து, சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று 'இணைத்தன்மை இல்லை' என்ற பதிலோடு திரும்பி வருவது ரொம்பக் கொடுமை. முதுகலை ஆசிரியராக விரும்புபவர்கள், பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் கவனியுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. ஆனால் கடைசிப் பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது. 2020-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அதற்கான சான்றுகளைப் படித்த பள்ளி, கல்லூரி ஒவ்வொன்றிலும் இப்போதே வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள். சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் போதும். விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று சர்வர் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

நல்ல கேள்வி எப்படிப் பிறக்கிறது?

வேலைக்குச் சேர்ந்தாச்சு, வகுப்பும் எடுக்கிறீர்கள். முதல் இடைப்பருவத் தேர்வுக்கே நீங்கள்தான் கொஸ்டின் பேப்பர் எடுக்க வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்பு அறிவியலையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100 மதிப்பெண். செய்முறையும் அகமதிப்பீடும் 25, எழுத்துத் தேர்வு 75. அந்த 75-இல் ஒரு மார்க் கேள்விகள் 12, இரண்டு மார்க்கில் 7, நான்கு மார்க்கில் 7, ஏழு மார்க்கில் 3. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை, அதில் நினைவில் வைத்து எழுதுவது எத்தனை, யோசித்து எழுதுவது எத்தனை என்று முதலில் ஒரு கட்டம் போட வேண்டும். வீடு கட்டுவதற்கு முன் பிளான் போடுவது மாதிரி. அது இல்லாமல் உட்கார்ந்தால், நமக்குப் பிடித்த பாடத்திலிருந்தே பாதிக் கேள்வி வந்துவிடும்.

அடுத்து, இந்தக் கேள்வி எதைச் சோதிக்கிறது என்று ஒரே வரியில் எழுதிப் பார்க்க வேண்டும். "நீரின் கொதிநிலை என்ன?" என்பது நினைவாற்றலைத்தான் சோதிக்கிறது. அதையே இப்படி மாற்றலாம்: "ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அப்படியானால், திறந்த பாத்திரத்தில் அரிசி வேக சென்னையைவிட அங்கே நேரம் கூடுமா, குறையுமா? ஏன்?" சீக்கிரம் கொதிப்பதால் சீக்கிரம் வேகும் என்று சொல்லும் பிள்ளை எங்கே தவறுகிறாள் என்பது உடனே தெரிந்துவிடும். கொதிப்பது வேறு, சூடாக இருப்பது வேறு என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும், குறைந்த சூட்டில் அரிசி வேக நேரமாகும். இரண்டையும் அவள் சேர்த்துப் பார்த்தால்தான் விடை வரும்.

இதில் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. கேள்வியில் வரும் சூழல் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். எஸ்கலேட்டரை வைத்து விசையைப் பற்றிக் கேட்டால், அதைப் பார்த்தே இராத மலைக்கிராமத்துப் பிள்ளை அறிவியல் தெரியாமல் மார்க்கை இழப்பதில்லை. எஸ்கலேட்டர் தெரியாமல் இழக்கிறது. கிணற்று உருளையை வைத்துக் கேட்டால் நகரத்துப் பிள்ளைக்கு அதே கதி. ஊட்டி கேள்வியில் உயரத்தையும் வெப்பநிலையையும் கொடுத்துவிட்டதால், ஊட்டியையே பார்க்காதவரும் எழுதலாம்.

தப்பான விடைகள்தான் இந்தத் தொழிலின் உயிர். யாருமே தேர்ந்தெடுக்காத விடை வீண். "மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?" என்பதற்கு "பிளாஸ்டிக்" என்று ஒரு ஆப்ஷன் வைத்தால், அது இடத்தை அடைக்குமே தவிர எதையும் சொல்லாது. பிள்ளைகள் உண்மையாகவே நம்பும் தவறுகளை விடைகளாக வைக்க வேண்டும். அதோடு சில சின்னச் சின்ன ஒழுங்குகள் உண்டு. சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருக்கக் கூடாது. "கீழ்க்கண்டவற்றுள் தவறல்லாதது எது?" என்று இரட்டை மறுப்பு போட்டுக் குழப்பக் கூடாது. 'மேற்கூறிய அனைத்தும்' என்ற ஆப்ஷனை அடிக்கடி வைத்தால், படிக்காத பிள்ளையும் அதையே அடிக்கும்.

கேள்வி நல்லதா என்று எப்படித் தெரியும்? முதலில் ஒரு வகுப்பில் கொடுத்துப் பார்க்க வேண்டும். 40 பேர் எழுதினார்கள் என்று வையுங்கள். மொத்த மதிப்பெண்ணில் முதல் 11 பேரையும் கடைசி 11 பேரையும் பிரியுங்கள். இது 27 சதவீதக் கணக்கு, உலகமெங்கும் பழக்கத்தில் இருப்பது. ஒரு கேள்விக்கு மேல் குழுவில் 9 பேர், கீழ்க் குழுவில் 3 பேர் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசமான 6-ஐ 11-ஆல் வகுக்க வேண்டும். 0.55 வருகிறது. 0.4-க்கு மேல் வந்தால் அது நல்ல கேள்வி. 0.2-க்குக் கீழே போனால் திருத்த வேண்டும். சில சமயம் மைனஸில் வரும். அதாவது நன்றாகப் படிக்கிறவர்கள் தப்பாகவும், மற்றவர்கள் சரியாகவும் எழுதியிருப்பார்கள். அப்படி வந்தால் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். ஆன்சர் கீயை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் தப்பு அங்கேயோ கேள்வியின் வாசகத்திலோ இருக்கும். இந்தக் கணக்குக்கு போனில் உள்ள எக்ஸெல் போதும்.

விரிவான விடைக் கேள்விகளுக்கு வேலை வேறு மாதிரி. அங்கே கேள்வியைவிட விடைக்குறிப்புதான் கஷ்டம். ஏழு மார்க்கை எப்படிப் பிரிப்பது, படம் சரியாக இருந்து விளக்கம் பாதியாக இருந்தால் எவ்வளவு என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே விடைக்கு ஒரு முகாமில் 5, இன்னொரு முகாமில் 3 என்று விழும்.

ஒரு சொல் தவறினால்

மொழிபெயர்ப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2018-ஆம் ஆண்டு நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. கேள்விக்கு 4 மதிப்பெண் வீதம், தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் வழங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஜூலையில் உத்தரவிட்டது. பின்னர் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. வழக்கின் முடிவு எதுவாக இருந்தாலும், மொத்தம் 720 மதிப்பெண் கொண்ட ஒரு தேர்வில் 196 என்பது எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கை என்று நினைத்துப் பாருங்கள்.

அறிவியலும் தெரிந்து, பாடப்புத்தகத் தமிழும் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் இடம் இருப்பது இதனால்தான். 'முடுக்கம்' என்று பாடப்புத்தகம் சொல்லும்போது வினாத்தாளில் வேறு சொல் வரக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதி அகராதியை வைத்து மாற்றினால் இது நடக்காது. தமிழில் நேரடியாகவே கேள்வி எழுதத் தெரிந்தவர் வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் இதை ஒரு குறையாக நினைக்காமல், கையில் இருக்கும் திறமையாக எடுத்துக்கொள்ளலாம்.

வேலை எங்கெல்லாம் இருக்கிறது?

மாநிலத்தில் பாடநூல் எழுதுவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது இரண்டும் எஸ்சிஇஆர்டி எனப்படும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் பொறுப்பு. பாடநூல், வினா வங்கி போன்ற பணிகளுக்குப் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்களைத்தான் அழைக்கிறார்கள். மாவட்டங்களில் உள்ள டயட் நிறுவனங்களில் விரிவுரையாளர் பணி இருக்கிறது. அதற்கு எம்.எட். தேவைப்படும். வட்டார வள மையங்களில் ஆசிரியர் பயிற்றுநர் பணி உண்டு. பொதுத் தேர்வுகளை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வையும் இங்கே அவர்களே நடத்துகிறார்கள். தேர்வானால் 4 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்பதால், அந்தக் கேள்வித்தாளும் சாதாரண விஷயமில்லை.

மதிப்பெண் போடுவதற்காக இல்லாமல், மாநிலம் முழுக்கப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கவும் தேர்வுகள் நடக்கின்றன. 2025-இல் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு நடந்த மாநில அடைவுத் தேர்வு அந்த வகை. 2024 டிசம்பரில் தேசிய அளவில் 3, 6, 9-ஆம் வகுப்புகளுக்கு நடந்த பரக் ஆய்வும் அப்படியே. 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் தொடர்ச்சியாக நடந்த பிசா என்ற சர்வதேசத் தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் கலந்துகொண்டன. முடிவு வந்தபோது இரண்டும் பட்டியலின் அடிப்பகுதியில் இருந்தன. பாடப்புத்தக வரியைக் கேட்காமல், ஒரு சூழலைக் கொடுத்து யோசிக்கச் சொல்லும் கேள்விகள் அவை. நம் பிள்ளைகளுக்கு அந்த வகைப் பழக்கமே இல்லை. அந்தப் பழக்கத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் வகுப்பறையில் இருக்கும் நீங்கள்தான்.

இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதினார்கள். புத்தகம் கையில் இருக்கும்போது மனப்பாடக் கேள்வி கேட்க முடியாதே! கேள்வி எடுப்பவருக்குத்தான் அது உண்மையான பரீட்சை. 30 ஆண்டுகள் ஓடிய அந்தத் திட்டம் 2002-இல் நிறுத்தப்பட்டது.

ஆராய்ச்சிப் பக்கம் போக விரும்பினால், மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. அறிவியல் கல்வியிலேயே பிஎச்.டி. செய்யலாம். அறிவியல் ஒலிம்பியாடுகளுக்கு இந்திய மாணவர்களைத் தயார்படுத்துவதும் அவர்கள்தான். தனியார் மதிப்பீட்டு நிறுவனங்களும் பதிப்பகங்களும் ஆன்லைன் கல்வி நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. கேள்விக்கு இவ்வளவு என்று பணம் தரும் பகுதிநேர வேலையும் உண்டு. அதில் இறங்கும் முன், திருப்பி அனுப்பும் கேள்விக்குப் பணம் உண்டா, எழுதியதன் உரிமை யாருக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறு புத்தகத்திலிருந்து காப்பி அடித்த கேள்வி என்று தெரிந்தால் அங்கேயே முடிந்தது.

இன்றே போனில் ஆரம்பிக்கலாம்

மணற்கேணி செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். 1 முதல் 12 வரை மாநிலப் பாடத்திட்ட வீடியோக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக இருக்கின்றன. டெட்டுக்குத் தயாராகிறவர்கள் 6, 7, 8 அறிவியலை முதலில் முடியுங்கள். டிஆர்பி தன் தேர்வுகளுக்குத் தற்காலிக விடைக்குறிப்பை இணையதளத்தில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும். நீங்கள் எழுதிய தேர்வானால் ஆன்லைனில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் ஆதாரமாகப் பாடநூலைத்தான் காட்ட வேண்டும், கைடுகளை ஏற்க மாட்டார்கள். எழுதாதவர்களும் அந்த விடைக்குறிப்பை எடுத்து, எந்தக் கேள்வியில் ஏன் சண்டை வரும் என்று ஊகித்துப் பாருங்கள். இந்தத் தொழிலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

அப்புறம், இந்த வாரமே ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரிடம் கொடுங்கள். விடை சரியா தப்பா என்று சொல்லாமல், "ஏம்மா இதைத் தேர்ந்தெடுத்தே?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். சரியான விடையைத் தப்பான காரணத்துக்காகச் சொன்னவர் ஒருவராவது இருக்கலாம். அப்படி இருந்தால் கேள்வியை மாற்றி எழுத வேண்டும்.

பணி நியமன அறிவிக்கை, வயது வரம்பு, தேர்ச்சி மதிப்பெண் ஆகியவற்றை டிஆர்பி இணையதளத்தில் மட்டும் பாருங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃபை நம்ப வேண்டாம். பணம் கட்டினால் ஆசிரியர் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், உடனே காவல் துறையில் புகார் கொடுங்கள்.